காற்றுக்கும் கட்டணம்

— அப்படின்னா தோட்டத்தம்மா, அடுத்த வாரத்துல இருந்து பூ வராதுன்னு சொல்றீங்க?

— அப்படித்தான் கடைக்காரரே. இந்த வாரப் பெட்டிதான் கடைசி. பதினோரு வருஷமா வாரம் தவறாம உங்களுக்குப் பூ அனுப்பிட்டேன். இனிமே முடியல. விமானக் கம்பெனிக்காரன் திங்கக்கிழமையில இருந்து, கூலிக்கு மேல தனியாப் போடறானே சர்சார்ஜ், அதை மறுபடி ஏத்தறான்.

— போன மாசம்தானே ஏத்தினாங்க?

— அது எண்ணெய்க்கு. இது வழிக்காம். எங்கயோ ரெண்டு நாட்டுக்காரங்க சண்டை போட்டுக்கறாங்களாம். அவங்க தலைக்கு மேல பறக்கக் கூடாதாம். விமானம் சுத்திக்கிட்டுப் போகணுமாம். அது சுத்தற தூரத்துக்கு என் ரோஜா காசு கட்டணுமாம்.

— ரோஜாவா சண்டை போட்டுச்சு?

— அதையேதான் நானும் சரக்கு முகவர்கிட்ட கேட்டேன். மனுஷன் சிரிக்கக்கூட இல்ல. கேளுங்க, பில்லை எடுத்துப் பாத்தா பூவை ஏத்திட்டுப் போற கூலி ஒரே ஒரு வரி. அதுக்குக் கீழ எண்ணெய் சர்சார்ஜ், பாதுகாப்பு சர்சார்ஜ், சீசன் சர்சார்ஜ், இப்ப புதுசா வழி சர்சார்ஜ். மிருகத்தைவிட வால் நீளமா இருக்கு.

— வாலைப் புடிச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் பின்னாடி ஓடறோம்.

— நீங்க சிரிப்பீங்க. கேளுங்க, எடைக்குப் போட்டாலாவது சரின்னு விட்டுடலாம். பூவுக்கு என்ன எடை இருக்கப் போகுது? அவங்க எடத்துக்குப் போடறாங்க. பெட்டி எவ்வளவு எடத்தை அடைக்குதோ அதையே எடைன்னு வச்சுக்குவாங்களாம். இரும்பு அனுப்பறவன் இரும்புக்குக் கட்டறான். நான் பூவுக்கும் பூவுக்கும் நடுவுல இருக்கற காத்துக்குக் கட்டறேன்.

— காத்துக்கா?

— பின்ன? ரோஜாவைத் துணி மாதிரி அமுக்கி அடைக்க முடியுமா? இதழ் கறுத்துடுமே. நடுவுல காத்து இருந்தாத்தான் பூ பூவா வந்து சேரும். அந்தக் காத்துக்குக் கூலி, கூலிக்கு மேல நாலு சர்சார்ஜ். மருமக சொல்றா, "அத்தை, நாம பூ விக்கல, காத்து விக்கறோம்"னு.

— தோட்டத்தம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்தக் காத்து வீண் போகல.

— என்னது?

— பெட்டியைத் திறக்கறப்ப முதல்ல வர்றது அதுதான். பூ வாசனை அப்புறம்தான் வரும். அதுக்கு முன்னாடி, பாருங்களேன், ஈர மண்ணு வாசனை ஒண்ணு வரும். அப்பதான் தண்ணி பாய்ச்சின மாதிரி. அதுக்குள்ள மெலிசா ஒரு புகை. பச்சைத் தண்டை நறுக்கின வாசனை. எல்லாம் ஒரு மூச்சு நேரம்தான். நான் மூடியை லேசாத் தூக்கிட்டுத் தலையை உள்ள விட்டுக்குவேன். அந்த ஒரு மூச்சுக்கு நான் உங்க தோட்டத்துல நிப்பேன். அப்புறம் இந்த ஊருக் காத்து வந்து கலந்துடும். ஓட்டைப் பாத்திரத்துல தண்ணி மாதிரி எல்லாம் போயிடும்.

— பதினோரு வருஷத்துல ஒரு நாளும் இதைச் சொன்னதில்லையே நீங்க.

— வியாபாரத்துல இதையெல்லாம் எப்படிச் சொல்றது? பில்லுல எந்த வரியில எழுதறது?

— புகை, எங்க வீட்டு வெந்நீர் அடுப்புதான். காலையில பெட்டி கட்டற கொட்டகைக்குப் பின்னாடி எரியும்.

— அதானா! நான் என்னமோ மலையில இருந்து பனி எறங்கற வாசனைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— விறகுதான் சாமி, விறகு. சரி, அதை விடுங்க. இன்னிக்குக் கடை எப்படி? ஆளுங்க இருக்காங்களா?

— ம்? இருக்காங்க. ரெண்டு பேர் நிக்கறாங்க.

— ஐயோ, அப்ப நான் வச்சுடட்டுமா?

— வேண்டாம், வேண்டாம். பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. ஒருத்தர் பஸ் ஓட்டறவர். இன்னொண்ணு ஒரு நர்ஸுப் பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே பூ மேல கண்ணு.

— எந்தப் பூ?

— மஞ்சள்ல ஓரம் மட்டும் செவப்பா இருக்குமே, அது.

— அப்படியா சேதி. கேளுங்க கடைக்காரரே, உங்க கடையை நான் ஒரு போட்டோவுல கூடப் பாத்ததில்ல. அனுப்பறேன் அனுப்பறேன்னு சொல்லி வருஷம் ஓடிப் போச்சு. எப்படித்தான் இருக்கும் அது? சொல்லுங்க. வாசல்ல இருந்து ஆரம்பிச்சு சொல்லுங்க.

— இப்பவா?

— இப்பத்தான். கடைசிப் பெட்டியாச்சே. அது எங்க போய்ச் சேரும்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?

— சரி. ஒரு முனை. ரெண்டு தெரு சேர்ற முனை. இந்தப் பக்கம் தையல்காரர், அந்தப் பக்கம் செருப்புக் கடை. நடுவுல நம்ம கடை, ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். மேல பச்சைத் துணியில பந்தல். பச்சைன்னு சொல்றேனே தவிர, வெயில் குடிச்சுக் குடிச்சு இப்ப அது என்ன நிறம்னு யாராலயும் சொல்ல முடியாது. மழை பெஞ்சா அதுல தண்ணி தேங்கும். நான் ஒரு குச்சியால கீழ இருந்து தள்ளுவேன். தெருவுல போறவங்க மேல கொட்டும். திட்டிக்கிட்டே உள்ள வருவாங்க. வந்தவங்க பூ வாங்காம போனதில்ல.

— கெட்டிக்கார வியாபாரம்தான்.

— கண்ணாடிக் கதவு. உள்ள படிப்படியா தகர வாளிங்க. பின் சுவர் பூராவும் ஒரு பழைய கண்ணாடி மாட்டியிருக்கேன், சலூன் ஒண்ணை மூடறப்ப வாங்கினது. அதனால பத்துப் பூ வச்சா இருபது தெரியும். உள்ள வர்றவங்க தன் மூஞ்சியைப் பூவுக்கு நடுவுல பாப்பாங்க. பாத்ததும் முகம் மாறும் தோட்டத்தம்மா. தான் இவ்வளவு நல்லா இருப்போம்னு அதுவரைக்கும் அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

— இன்னும்?

— தரை எப்பவும் ஈரம். குளிர் காலத்துல கதவுக் கண்ணாடியில மூட்டம் படியும். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு உள்ள பூ தெரியாது, நிறம் மட்டும் தெரியும். செவப்பு ஒரு கலங்கலா, மஞ்சள் ஒரு கலங்கலா. தெரு விளக்கைத் தண்ணிக்கடியில இருந்து பாத்தா எப்படி இருக்கும், அப்படி.

— கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.

— நீங்க ஒண்ணு சொல்லுங்க எனக்கு. இந்தப் பெட்டி மேல போறப்ப எப்படி இருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன். இருட்டுல படுத்துக்கிட்டு இருக்குமே, பூவுங்க.

— இருட்டுதான். குளிரும். ஆனா வெளிய அவ்வளவு வெயில். கீழ எங்க பாத்தாலும் மேகம், உழுது போட்ட வயல் மாதிரி வரப்பு வரப்பா. அதுல யார் நடந்து வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டோம். பறக்கற மாதிரியே இருக்காது. நின்னுக்கிட்டு இருக்கற மாதிரிதான் இருக்கும். உலகம்தான் கீழ நகரும்.

— நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்க.

— இதுக்குத்தானே இத்தனை வருஷம் காசு கட்டியிருக்கேன்!

— அதுவும் சரிதான்.

— கேளுங்க. முன்னெல்லாம் எங்க பள்ளத்தாக்குல ஆறு தோட்டம் சேந்து ஒரே வேன்ல பெட்டி ஏத்துவோம். வேன் வர்ற சத்தம் கேட்டதும் ஆறு வீட்டுலயும் ஒரே ஓட்டமா இருக்கும். முதல் சர்சார்ஜுக்கு ரெண்டு தோட்டம் நின்னுச்சு. அடுத்ததுக்கு இன்னும் ரெண்டு. கடைசியா எதிர்வீட்டு அண்ணன், ரோஜாவைப் பிடுங்கிட்டுத் தக்காளி போட்டார். வேன் வாடகையை ஆறு பங்கா கட்டினது போய் இப்ப நான் ஒருத்தியே கட்டறேன். வேன் முக்காவாசி காலியாத்தான் போகுது.

— நான் வேற காம்பு குட்டையாயிடுச்சுன்னு உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டேன்.

— கோவிச்சுக்கிட்டீங்க. மறக்கல நான். காம்புல ரெண்டு விரல் வெட்டினா பெட்டி ரெண்டு விரல் சின்னதாகும். அப்புறம் இன்னும் ரெண்டு விரல். முகவர் டேப்பை எடுத்துக்கிட்டு வந்து பெட்டியை அளக்கறப்ப, துணி தைக்க அளவெடுக்கற மாதிரி நானும் மூச்சை இழுத்துக்கிட்டு நிப்பேன். இப்படியே போனா ஒரு நாள் பூவோட தலையை மட்டும் உறையில போட்டுத் தபால்ல அனுப்ப வேண்டியதுதான்னு மருமக சொல்லுவா.

— இங்கயும் அதே கதைதான். ஒவ்வொரு தடவையும் நான் விலையை ஏத்தினேன். கொத்தா வாங்கினவங்க ஒத்தைப் பூ வாங்கினாங்க. ஒத்தைப் பூ வாங்கினவங்க வாசல்ல நின்னு பாத்துட்டுப் போனாங்க. கல்யாணத்துக்கு மொத்தமா எடுக்கற மண்டபத்துக்காரர் காகிதப் பூவுக்கு மாறிட்டார். "ஒரு தடவை வாங்கினா அஞ்சு வருஷம் வாடாது"ன்னு என்கிட்டயே வந்து பெருமையாச் சொன்னார். அவர் மேல தப்பில்ல. யார் மேலயும் தப்பில்ல. அதுதான் இதுல கஷ்டமே.

— அதனாலதான் சொல்றேன், நிறுத்திக்குவோம்.

— வேண்டாம் தோட்டத்தம்மா. ஒரே ஒரு பெட்டி. சின்னப் பெட்டி. ஏறின சர்சார்ஜ் எவ்வளவோ அதை முழுசா என் பில்லுல போடுங்க. நான் கட்டறேன். பூவை மட்டும் நிறுத்தாதீங்க.

— நீங்க கட்டறீங்களா?

— கட்டறேன். இதுவரைக்கும் கட்டிக்கிட்டுதானே இருக்கேன்?

— பில்லை ஒரு நாளாவது உத்துப் பாத்திருக்கீங்களா கடைக்காரரே?

— ஏன்?

— போன வருஷம் உங்களுக்கு என்ன சர்சார்ஜ் போட்டேனோ, அதேதான் இன்னிக்கும் இருக்கு. அதுக்கப்புறம் மூணு தடவை ஏறுச்சு. மூணையும் உங்க பில்லுல நான் ஏத்தவே இல்ல.

— அப்ப யாரு கட்டினது?

— பாதித் தோட்டத்தை எதிர்வீட்டு அண்ணனுக்கே குத்தகைக்கு விட்டேன். அந்தப் பக்கமும் இப்ப தக்காளிதான்.

— ஐயோ. ஏம்மா அப்படிப் பண்ணீங்க?

— நீங்கதான் சொன்னீங்க. போன வருஷம் ஒரு நாள், சளி பிடிச்ச குரல்ல, "இன்னும் ஒரு தடவை ஏறினா கடை தாங்காது"ன்னு. சாதாரணமாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் அன்னிக்குச் சோறு எறங்கல. நான் வளத்த பூ போய் நிக்கற எடம் உலகத்துல அது ஒண்ணுதான். அதை மூட விடக் கூடாதுன்னு நெனச்சேன். மருமககிட்ட கூட ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னேன். அவ கத்தின கத்துக்கு... கடைக்காரரே? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— நான் சொல்றது கேக்குதா?

— அந்த ரெண்டு பேரும் நிக்கல.

— யாரு?

— பஸ் ஓட்டறவரும் நர்ஸுப் பொண்ணும். யாருமே நிக்கல. கடையில யாரும் இல்லம்மா. கடையே இல்ல. மூடி பத்து மாசம் ஆச்சு.

— சொல்லுங்க.

— எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்...

— முழுசாச் சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

— இப்ப ஒரு ஹோட்டல்ல துணி வெளுக்கற பிரிவுல இருக்கேன். நாள் பூரா வெள்ளைப் படுக்கை விரிப்பு மடிக்கறது. இது சாப்பாட்டு நேரம், பின்பக்கப் படியில உக்காந்து உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கேன். ஜாகை தங்கச்சி வீட்டுல, மூணாவது மாடி. வாரா வாரம் விமான நிலையத்துக்குப் போய் உங்க பெட்டியை எடுத்துட்டு வருவேன். தங்கச்சிகிட்ட வாளிங்க வாங்கி, தண்ணி ஊத்தி, மாடிப்படியில வச்சுடுவேன். ஒரு திருப்பத்துக்கு ஒரு வாளி. மேல போறவங்க, கீழ போறவங்க, யாருக்கு வேணுமோ எடுத்துக்குவாங்க.

— சும்மாவா?

— சும்மாதான்.

— அப்ப எனக்கு அனுப்பின காசு?

— சம்பளத்துல.

— படுக்கை விரிப்பு மடிக்கற சம்பளத்துல!

— மூடின அன்னிக்கே உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் போனைக் கையில எடுத்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க சொன்னீங்க, உங்க பெட்டிக்குன்னே மூணு பொம்பளைங்க விடியறப்ப பனியில வந்து பறிக்கறாங்க, மத்தவங்களை எல்லாம் நிறுத்தியாச்சு, இவங்க மட்டும் உங்களாலதான் இருக்காங்கன்னு. அடுத்த வாரம் சொல்லலாம்னு விட்டேன். அடுத்த வாரம் நீங்க "கடை எப்படி இருக்கு?"ன்னு கேட்டீங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்னப்புறம், என்னமோ, அது தானா வளர ஆரம்பிச்சுடுச்சு.

— அப்ப நான் பாதித் தோட்டத்தை விட்டது, இல்லாத கடைக்கு.

— ஆமா.

— நீங்க சம்பளத்தைக் கொட்டினது, நான் நஷ்டத்துல அனுப்பற பூவுக்கு.

— ஆமா.

— நடுவுல யாருக்குய்யா லாபம்?

— மேல பறக்கறவனுக்குத்தான்.

— சிரிக்க வைக்காதீங்க. எனக்குக் கோவமா இருக்கு. நெஜமாவே கோவமா இருக்கு. உங்க கடைக்காக நான் மருமககிட்ட சண்டை போட்டு ஒரு வாரம் பேசாம இருந்திருக்கேன், தெரியுமா?

— திட்டுங்க. நான் கேட்டுக்கறேன்.

— திட்டத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்த பஸ் ஓட்டறவர், நர்ஸு, அதெல்லாமும் பொய்யா?

— இல்ல, அவங்க இருக்காங்க. அவர் ரெண்டாவது மாடி. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பூவை எடுத்து முன்னாடிக் கண்ணாடி ஓரத்துல சொருகிக்குவார். சாயங்காலம் அது தலை சாஞ்சு போய் அவரோடவே எறங்கி வரும். அந்தப் பொண்ணு அஞ்சாவது மாடி. காலி மருந்துப் பாட்டில்ல தண்ணி ஊத்தி ஜன்னல்ல வச்சிருக்கா. கீழ இருந்து பாத்தா பூ அந்தரத்துல நிக்கற மாதிரி இருக்கும். நாலாவது மாடியில ஒரு புருஷன் பொண்டாட்டி. ரெண்டு பேரும் பேசறதை விட்டு ஆறு மாசம். இப்ப யாரோ ஒருத்தர் வாரா வாரம் ஒரு வெள்ளைப் பூவை வாசக்கதவுல சொருகறாங்க. அவர் அவங்கன்னு நெனச்சுக்கறார், அவங்க அவர்னு நெனச்சுக்கறாங்க.

— யாரு சொருகறது?

— என் தங்கச்சி.

— அடடா.

— லிஃப்ட் இருக்கும்மா அந்தக் கட்டடத்துல. நல்லா ஓடற லிஃப்ட். ஆனா பெட்டி வந்த அன்னிக்கு யாரும் அதுல ஏற மாட்டாங்க. அஞ்சு மாடியும் படியேறித்தான் வருவாங்க. மெதுவா, ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு நின்னு. அன்னிக்கு மட்டும் படியில பேச்சுக் குரல் கேக்கும்.

— உங்க மேல கோவப்படவும் விட மாட்டேங்கறீங்க.

— மன்னிச்சுடுங்க தோட்டத்தம்மா. நீங்க நிறுத்தறதுதான் சரி. மிச்சம் இருக்கற அந்தப் பாதித் தோட்டத்தை நல்லாப் பாத்துக்கங்க. எனக்காகப் பறிச்ச அந்த மூணு பேரு?

— தக்காளிக்கும் பறிக்கக் கை வேணுமே. அண்ணன் சேத்துக்கறேன்னு சொல்லிட்டார்.

— அது போதும். இதையெல்லாம் உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கணும். குரல்கிட்ட பொய் சொல்றது சுலபம். ஆளைப் பாத்திருந்தா முதல் வாரமே சொல்லியிருப்பேன்.

— எனக்கும் அப்படித்தான். கடைசிப் பெட்டிங்கறதைப் போன்ல சொல்ல மனசே வரல. பதினோரு வருஷப் பழக்கத்தை ஒரு பொத்தானை அமுக்கி முடிக்கறதான்னு இருந்துச்சு. அதான் முகவர்கிட்ட போய்க் கேட்டேன், இந்த ஒரு பெட்டியைச் சரக்கா அனுப்பினா எல்லா சர்சார்ஜும் சேத்து எவ்வளவு, ஒரு ஆள் டிக்கெட் வாங்கிப் பூவுக்கு உண்டான பேப்பரோட கூடவே எடுத்துட்டுப் போனா எவ்வளவுன்னு. ரெண்டு மூணு தடவை கணக்குப் போட்டுப் பாத்தார். பெரிய வித்தியாசம் இல்லம்மான்னார். ஆளோட போற பெட்டிக்கு எடம் பாக்க மாட்டாங்களாம், எடை மட்டும்தானாம்.

— என்ன சொல்றீங்க? பெட்டி இன்னும் கிளம்பலையா?

— அதெல்லாம் நேத்தே கிளம்பியாச்சு. பில்லுல இருக்கற விலாசத்தைக் காட்டிக் கேட்டு வந்து, காலையில இருந்து நான் உங்க கடை இருந்த முனையிலதான் இருக்கேன் கடைக்காரரே. இப்ப இங்க ஒருத்தர் சாவி வெட்டிக் குடுத்துக்கிட்டிருக்கார், அவர்தான் பாவம்னு ஸ்டூல் குடுத்து உக்கார வச்சார், பெட்டி மடியில இருக்கு, உங்க தங்கச்சி வீட்டுக்கு எந்தப் பக்கம் நடக்கணும்னு மட்டும் சொல்லுங்க.